வீட்டு ஸ்பீக்கருக்கு ஹார்னும் வேவ்கைடும்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கட்டும் குழாய் ஸ்பீக்கரைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் ‘ஹார்ன்’ என்று சொன்னால் கை தானாகக் காதுக்குப் போகும். அதை ஹாலில் வைத்துப் பாட்டுக் கேட்பதாவது என்பார்கள். சொந்தமாகப் பெட்டி செய்கிறவர்களில் ஒரு சாரார், ஹார்ன் போட்டால்தான் பாடகர் எதிரில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும் என்று சத்தியம் செய்வார்கள். இன்னொரு சாரார், ஹார்ன் பழைய காலத்துச் சரக்கு, வேவ்கைடுதான் சரி, அது வேறு இது வேறு என்பார்கள். புதிதாக வருகிறவர் மூன்றையும் கேட்டுக் குழம்பி, கடைசியில் கடை அலமாரியில் எடுப்பாகத் தெரிந்த ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்.

நானும் அப்படி வாங்கியவன்தான். அதனால் நேர்ந்த பிழையைப் பின்னால் சொல்கிறேன். அந்தப் பிழையைத் திருத்தும்போது எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: வீட்டுக்கு ஹார்ன் வாங்கும்போது எவ்வளவு சத்தம் வரும் என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. சத்தம் எந்தெந்தப் பக்கம் போகும், எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரை அந்தக் கட்டுப்பாடு நிற்கும் என்று கேட்க வேண்டும்.

## விசிறியும் ஈர்க்குச்சியும்

ஓர் ஈர்க்குச்சியை எடுத்து முகத்துக்கு நேரே எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் காற்று வராது. குச்சியின் இரு பக்கமும் காற்று நழுவிப் போய்விடும். பனையோலை விசிறியை மெதுவாக அசைத்தாலே போதும், சட்டை ஈரம் காயும். கை ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். காற்றைப் பிடித்துத் தள்ள அகலம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம்.

ஸ்பீக்கருக்கும் இதே சிக்கல். உள்ளே அதிர்கிற மெல்லிய தகட்டை டயஃப்ரம் என்கிறோம். காற்றோ மிக லேசான பொருள். டயஃப்ரம் முன்னும் பின்னும் போய்வந்தாலும் காற்று அதற்கு ஈடுகொடுத்து எதிர்த்து நிற்பதில்லை. வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்பீக்கரில், ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒலியாக மாறினாலே பெரிது. மீதி எல்லாம் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் சூடாகப் போகிறது.

ஹார்ன் என்பது ஒரு முனையில் குறுகி, மறுமுனையில் விரியும் குழாய். குறுகிய முனையைத் தொண்டை என்றும் விரிந்த முனையை வாய் என்றும் சொல்வோம். தொண்டையில் இருக்கும் காற்று நழுவிப் போக இடமில்லாததால் டயஃப்ரம் அதை நன்றாக அழுத்த முடிகிறது. அந்த அழுத்தம் குழாய் விரிய விரிய மெல்லப் பரந்து, வாய்க்கு வரும்போது பெரிய விசிறி அளவுக்கு ஆகிவிடுகிறது. சின்ன டயஃப்ரத்துக்கு ஓர் அகலமான கையைக் கட்டிக்கொடுத்த மாதிரி. நல்ல ஹார்னில் நூற்றில் 20 பங்கைத் தாண்டி ஒலியாக மாறுவதும் உண்டு.

## டார்ச் லைட்டின் கிண்ணம்

இது ஹார்னின் முதல் வேலை. இரண்டாவது வேலை, ஒலியைத் திசை காட்டி அனுப்புவது. டார்ச் லைட்டின் பல்பைக் கழற்றி வெறுமனே எரியவிட்டால் அறை முழுக்க மங்கலாக இருக்கும். பளபளப்பான கிண்ணத்தில் வைத்தால் அதே பல்பு தெருக்கோடி வரை அடிக்கும். கிண்ணம் புதிதாக வெளிச்சம் உண்டாக்கவில்லை, நாலாபக்கமும் போனதை ஒரு பக்கம் சேர்த்தது.

இரண்டு வேலைகளையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். சார்ட் பேப்பரைக் கூம்பாகச் சுற்றி, அதன் குறுகிய முனையை மொபைலின் ஸ்பீக்கர் ஓட்டையை ஒட்டிப் பிடியுங்கள். வால்யூமைத் தொடாமலே பாட்டு எழுந்து நிற்கும். இப்போது கூம்பை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். தாளச் சத்தமும் ‘ஸ்’ என்ற ஒலியும் சட்டென்று மங்கும், குரலின் கனமான பகுதி மட்டும் அதிகம் குறையாமல் நிற்கும். அதாவது, அந்தக் காகிதக் கூம்பு உயர்ந்த ஒலிகளுக்குத்தான் திசை காட்டியது. தாழ்ந்தவை அதைப் பொருட்படுத்தவே இல்லை. இனி வரப்போகும் விஷயம் பெரும்பாலும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கியிருக்கிறது.

இதுவரை: ஹார்னுக்கு இரண்டு வேலை. காற்றைப் பிடித்துத் தள்ள உதவுவது ஒன்று, ஒலியைத் திசைப்படுத்துவது மற்றொன்று. எந்த ஹார்னும் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும்.

## இரண்டு பெயர் எப்படி வந்தது?

1920-களில் சினிமா பேசத் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கானோர் உட்காரும் அரங்கை நிரப்பச் சில வாட் ஆம்ப்ளிஃபயரே கையில் இருந்தது. ஒவ்வொரு வாட்டையும் சத்தமாக மாற்றியே ஆக வேண்டும். 1926-இல் வந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555 என்ற டிரைவரும் (ஹார்னின் தொண்டையில் மாட்டும் ஒலி யூனிட்) அதற்கான மிக நீளமான ஹார்ன்களும் அந்தத் தேவைக்குப் பிறந்தவை. முதல் வேலையை மிக நன்றாகச் செய்யும் வடிவம் எக்ஸ்பொனென்ஷியல் ஹார்ன், அதாவது குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை பரப்பு இரட்டிப்பாகிக்கொண்டே போகும் குழாய். அதற்கு ஒரு குறை உண்டு. சுருதி, அதாவது ஹெர்ட்ஸ், ஏற ஏற அதன் ஒலிக்கற்றை சுருங்கிக்கொண்டே போகும். நடுவில் இருப்பவருக்கு எல்லாம் கேட்கும், ஓரத்தில் இருப்பவருக்கு உச்ச ஒலிகள் போய்ச் சேராது.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வந்து வாட் மலிவான பிறகு இந்தக் குறைதான் பெரிதாகத் தெரிந்தது. 1975-இல் எலக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனத்தில் இருந்த டான் கீல், எல்லாச் சுருதியிலும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் ஒலியைப் பரப்பும் ஹார்னை வடிவமைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1980-களின் கடைசியில் ஏர்ல் கெடஸ், திசைப்படுத்துவதையே முதல் நோக்கமாக வைத்துக் கணக்குப் போட்டு, அதற்கேற்ற வளைவுகளை ‘வேவ்கைடு’ என்ற பெயரில் முன்வைத்தார். பெயர் அப்படித்தான் பரவியது.

ஆக, வேவ்கைடும் ஹார்ன்தான். சத்தத்தைக் கூட்டுவதை முதன்மையாக வைத்துச் செய்தால் ஹார்ன் என்கிறோம், திசையை முதன்மையாக வைத்துச் செய்தால் வேவ்கைடு என்கிறோம். கடையில் இந்த ஒழுங்கும் கிடையாது. ஆழம் குறைவாக, ட்வீட்டரை (உயர்ந்த ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) சுற்றித் தட்டு மாதிரி இருந்தால் வேவ்கைடு என்று எழுதியிருப்பார்கள். பெயரை நம்பி வாங்காதீர்கள்.

கோயில் குழாயையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அது பேச்சு தூரத்துக்கு எட்ட வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காக, குழாயை உள்ளுக்குள் மடக்கி, வாயைச் சின்னதாக்கிச் செய்தது. அதையும் அதன் சக்திக்கு மீறி ஓட்டுகிறார்கள். அந்தக் காதுவலியை வைத்து வீட்டு ஹார்னை எடைபோடுவது நியாயம் இல்லை.

## குளத்து அலையும் மூங்கில் கழியும்

குளத்தில் ஒரு மூங்கில் கழி நட்டிருந்தால், பெரிய அலை அதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகும். அதே இடத்தில் பரிசல் கிடந்தால் அலை மோதித் திரும்பும். தடுக்கும் பொருள் அலையைவிடப் பெரிதா சிறிதா என்பதே கேள்வி.

ஒலிக்கும் அலைநீளம் உண்டு. ஓர் அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம் அது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை ஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் வந்துவிடும். 100 ஹெர்ட்ஸுக்கு 3.4 மீட்டர், ஒரு சின்னக் காரின் நீளம். 1,000 ஹெர்ட்ஸுக்கு 34 செ.மீ., ஏறக்குறைய முக்கால் முழம். 10,000 ஹெர்ட்ஸுக்கு 3.4 செ.மீ., இரண்டு விரல் அகலம்.

ஹார்னின் வாய் அலைநீளத்துக்கு ஒப்பிடும்படி இருந்தால்தான் அந்த அலை ஹார்னின் சொல் கேட்கும். அதற்குக் கீழே ஹார்னின் மீது அச்சடித்திருக்கும் ‘90 டிகிரி’ என்ற எழுத்துக்கு அர்த்தமே இல்லை. டான் கீல் இதற்கு ஒரு சுலபக் கணக்கு தந்திருக்கிறார். 10 லட்சத்தை ஹார்னின் கோணத்தால் வகுத்து, வந்ததை வாயின் அளவால் (அங்குலத்தில்) வகுக்க வேண்டும். கிடைப்பது, எத்தனை ஹெர்ட்ஸுக்கு மேல் அந்தக் கோணம் நிற்கும் என்பது.

90 டிகிரி, 12 அங்குல அகலம் என்றால் சுமார் 925 ஹெர்ட்ஸ். 90 டிகிரி, 6 அங்குலம் என்றால் 1,850. மேடை ஸ்பீக்கர் கடைகளில் ‘90×40’ என்று விற்கும் ஹார்னைப் பாருங்கள். பக்கவாட்டில் 90 டிகிரி, மேல்கீழாக 40 டிகிரி என்று பொருள். உயரம் 5 அங்குலம் என்றால் 10 லட்சத்தை 40-ஆலும் 5-ஆலும் வகுக்க 5,000 ஹெர்ட்ஸ் வருகிறது. குரலின் பெரும்பகுதியும், பெரும்பாலான வாத்தியங்களின் உடலும் 5,000-க்குக் கீழேதான். ஆக அந்த 40 டிகிரி, குரலைப் பொறுத்தவரை காகிதத்தில் மட்டும் இருக்கிறது. வீட்டுக்கு வட்டமாகவோ உயரமும் அகலமும் ஏறக்குறைய சமமாகவோ உள்ள வாயை நான் விரும்புவது இதனால்தான்.

பேஸ் ஒலிக்கு வீட்டில் ஹார்ன் ஏன் அரிது என்பதும் இதிலேயே விளங்கும். 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர், அதற்குச் சரியான வாய் இரண்டு மீட்டருக்கு மேல் குறுக்களவு கேட்கும். 1946-இல் பால் கிளிப்ஷ் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன், பெட்டியை அறை மூலையில் ஒட்டிவைத்து இரு சுவரையும் தரையையுமே ஹார்னின் மிச்சப் பகுதியாக ஆக்கிக்கொண்டது. அழகான யோசனை. ஆனால் அது ஆரம்பிக்கிறவருக்கான வேலை அல்ல. பேஸை வழக்கமான பெட்டிக்கே விட்டுவிட்டு, மேல்பகுதிக்கு மட்டும் ஹார்ன் வைப்பதைப் பற்றியே இனி பேசுவோம்.

இதுவரை: வாய் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு தாழ்ந்த ஒலி வரை கட்டுப்பாடு. கோணத்தையும் அங்குலத்தையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த ஹார்னையும் மதிப்பிட முடியாது.

## அம்மாவின் நாற்காலி

என் முதல் பெட்டியில் 15 அங்குல வூஃபர். அதன்மேல் 10 அங்குல அகலமும் 5 அங்குல உயரமும் கொண்ட ஒரு பிளாஸ்டிக் 90×40 ஹார்ன். ஒலியை இரண்டாகப் பிரித்து, தாழ்ந்ததை வூஃபருக்கும் உயர்ந்ததை ஹார்னுக்கும் அனுப்பும் சர்க்யூட்டுக்கு கிராஸோவர் என்று பெயர். டிரைவரோடு வந்த விவரத் தாளில் போட்டிருந்தபடி அதை 1,600 ஹெர்ட்ஸில் வைத்தேன். எதிரே உட்கார்ந்து மைக் வைத்து அளந்து, கோடு நேராக வரும்வரை சரிசெய்தேன். நேராகவே வந்தது. மனசு நிறைந்து ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன்.

அம்மா சமையலறை வாசலை ஒட்டி, பக்கவாட்டில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். இரண்டு நிமிஷம் கழித்து, “ஏன்டா, இந்தப் பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கா?” என்றாள்.

என் இடத்தில் அப்படி எதுவும் இல்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் சொன்னது சரி. குரலின் நடுப்பாகம் குழிந்து, ‘ச’வும் ‘ஸ’வும் மட்டும் முன்னே துருத்திக்கொண்டு நின்றன. மிருதங்கத்தில் வலந்தலை கணீரென்று கேட்க, இடப்பக்கத் தொப்பிக்கும் அதற்கும் நடுவில் ஏதோ ஒன்று காணாமல் போயிருந்தது.

நடந்தது இதுதான். எந்த வூஃபரும் சுருதி ஏற ஏறத் தன் ஒலிக்கற்றையைச் சுருக்கும். 15 அங்குல வூஃபர் சுமார் 1,000 ஹெர்ட்ஸிலேயே 90 டிகிரிக்குச் சுருங்கிவிடுகிறது. 1,600-க்கு வரும்போது 55 டிகிரிக்குள் ஒடுங்கிவிடும். அந்த இடத்தில் ஹார்ன் எடுத்துக்கொள்கிறது, அதுவோ 90 டிகிரிக்கு விரித்து வீசுகிறது. எதிரே இருப்பவருக்கு இரண்டும் சமம். பக்கத்தில் இருப்பவருக்கு 1,600-க்குக் கீழே ஒரு பள்ளம், மேலே ஒரு மேடு. ஒரு ஸ்பீக்கர் ஒவ்வொரு சுருதியையும் எந்தக் கோணத்தில் பரப்புகிறது என்பதற்கு டைரக்டிவிட்டி என்று பெயர். கைமாறும் இடத்தில் வூஃபரின் டைரக்டிவிட்டியும் ஹார்னின் டைரக்டிவிட்டியும் ஒத்துப்போக வேண்டும். என்னுடையதில் ஒத்துப்போகவில்லை.

பக்கத்தில் உட்காராவிட்டால் பிரச்சினை இல்லையே என்று தோன்றலாம். நம் ஹால்களில் தரை டைல்ஸ், சுவர் சிமென்ட் பூச்சு, ஜன்னல் கண்ணாடி. பக்கவாட்டில் போன ஒலி சுவரில் பட்டு, எதிரே இருப்பவர் காதுக்கும் வந்துசேரும். நேரடியாக வந்ததும் சுவரில் பட்டு வந்ததும் ஒரே ஜாடையில் இருந்தால் மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். ஜாடை மாறினால் அலுப்புத் தட்டும், காரணம் பிடிபடாது. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் ஃப்ளாய்ட் டூல் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகள் காட்டியது இதைத்தான்: திரைக்குப் பின்னால் எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் கேட்கும்போது, நேர்க்கோட்டில் சமமாகவும் பக்கவாட்டில் சீராகக் குறைந்துகொண்டும் போகிற ஸ்பீக்கரையே பெரும்பாலானோர் விரும்புகிறார்கள்.

ஈக்வலைசரில் திருத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. பக்கத்துப் பள்ளத்தை நிரப்ப 1,500 ஹெர்ட்ஸைத் தூக்கினால், எதிரே அதே அளவு மேடு கிளம்பும். ஈக்வலைசர் எல்லாத் திசையையும் ஒன்றாகத்தான் ஏற்றும், இறக்கும். திசையை மாற்ற வடிவத்தை மாற்ற வேண்டும், அல்லது கிராஸோவர் இடத்தை மாற்ற வேண்டும்.

## கணக்கைப் பெட்டியாக்குவோம்

வூஃபர்கள் 90 டிகிரிக்குச் சுருங்கும் இடத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 15 அங்குலம் சுமார் 1,000 ஹெர்ட்ஸ், 12 அங்குலம் 1,300, 8 அங்குலம் 2,000, ஆறரை அங்குலம் 2,600. வூஃபரின் கூம்புத் தகட்டின் சரியான அளவைப் பொறுத்துச் சற்று முன்பின் இருக்கும்.

இனி 12 அங்குல வூஃபரோடு பெட்டி செய்ய வேண்டும் என்று வையுங்கள். அது 1,300-இல் 90 டிகிரி ஆகிறது. ஆகவே 90 டிகிரி ஹார்ன், கைமாறும் இடம் 1,200 முதல் 1,300. அந்த ஹார்னின் கட்டுப்பாடு அதற்குச் சற்றுக் கீழேயே தொடங்கிவிட வேண்டும். 12 அங்குல வாய் 925-இல் தொடங்குகிறது, பொருந்தியது. டிரைவர் 1,200 வரை இறங்கத் தாங்குமா என்று அதன் தாளில் பார்க்க வேண்டும். தாங்காது என்றால் வேறு டிரைவர்தான். இப்படி மூன்று எண்கள்: வூஃபர் சுருங்கும் இடம், ஹார்ன் பிடிக்கத் தொடங்கும் இடம், டிரைவர் தாங்கும் இடம். பின் இரண்டும் முதல் எண்ணுக்குக் கீழே இருந்தால் பெட்டி நல்லபடியாக வரும். 1981-இல் வந்த ஜேபிஎல் 4430 என்ற ஸ்டுடியோ மானிட்டரைப் பாருங்கள். 15 அங்குல வூஃபர், 100 டிகிரி ஹார்ன், கிராஸோவர் 1,000 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன அதே கணக்கு.

இத்தனை பெரிய பெட்டிக்கு ஹாலில் இடமில்லாதவர்களுக்குச் சின்ன வழி உண்டு, ஆரம்பிக்கிறவருக்கு அதையே நான் முதலில் சொல்வேன். ஆறரை அங்குல வூஃபர், சாதாரண டோம் (குமிழ் வடிவ) ட்வீட்டர், அதைச் சுற்றி 6 முதல் ஆறரை அங்குல வேவ்கைடு. வேவ்கைடு இல்லாத டோம், 2,500 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் வீசும். வூஃபரோ அங்கே 90 டிகிரிக்கு வந்துவிட்டது. அம்மா கேட்ட அதே குறையின் சின்ன வடிவம் இது. விலை உயர்ந்த கடைப் பெட்டிகளிலும் உண்டு. வேவ்கைடு போட்டால் இரண்டும் ஒத்துப்போகும். கூடவே ட்வீட்டரின் கீழ்ப்பகுதிக்குச் சில டெசிபல் இலவசமாகக் கிடைக்கும். அதனால் ட்வீட்டர் திணறாமல் 2,200 வரை இறங்கும். விசாட்டன் நிறுவனத்தின் 148 மி.மீ. வேவ்கைடு போல டோம்களுக்கென்றே தனியாக விற்பவை உண்டு. எந்த டோமுக்கு எந்த வேவ்கைடு என்பதை யாராவது அளந்து பார்த்த வரைபடம் இருந்தால் மட்டும் சேருங்கள். டோமின் விளிம்பு வளையத்துக்கும் வேவ்கைடின் தொண்டைக்கும் ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆனாலே 10,000-க்கு மேல் கோடு கோணலாகும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். வூஃபரின் நடுவுக்கும் ஹார்னின் நடுவுக்கும் உள்ள தூரம், கைமாறும் ஒலியின் ஓர் அலைநீளத்துக்குள் இருப்பது நல்லது. 1,200 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 28 செ.மீ. 12 அங்குல வூஃபரையும் 12 அங்குல ஹார்னையும் ஒட்டி வைத்தாலே 30 செ.மீ. தாண்டிவிடும். சற்றே கூடினால் குடி முழுகாது, ஆனால் காது உயரத்துக்கு மேலும் கீழும் போனால் குரல் மாறும். அதனால் பெரிய ஹார்ன் பெட்டிக்கு முன்னால் இரண்டரை, மூன்று மீட்டராவது தள்ளி உட்கார வேண்டும். படுக்கையறை மேசைமேல் வைத்து ஒரு கை தூரத்தில் கேட்பவருக்கு அது பொருந்தாது.

இதுவரை: முதலில் வூஃபர், அது சுருங்கும் இடம், அங்கே அதே கோணம் தரும் ஹார்ன், அந்த அளவுக்கு இறங்கும் டிரைவர். வாங்கும் வரிசையும் இதுவே.

## தொண்டையும் திருகும்

பெரிய ஹார்ன்களின் பின்னால் மாட்டுவது கம்ப்ரஷன் டிரைவர். குறுகிய தொண்டைக்குள் காற்றை அழுத்தித் தள்ளவென்றே செய்த யூனிட் அது. ‘1 அங்குல டிரைவர்’ என்றால் ஒலி வெளியே வரும் ஓட்டை 1 அங்குலம். உள்ளே இருக்கும் டயஃப்ரம் அதைவிடப் பெரிது. டோம் ட்வீட்டரில் ‘1 அங்குலம்’ என்றால் டோமின் அளவையே சொல்கிறார்கள். ஒன்றுக்குச் செய்த ஹார்னில் மற்றதை மாட்டக் கூடாது.

வீட்டுக்கு 1 அங்குலத் தொண்டையே போதும். 2 அங்குல ஓட்டையிலிருந்து வரும் ஒலி 7,000 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே தானாக 90 டிகிரிக்குச் சுருங்கிவிடுகிறது, அதற்கு மேல் எந்த ஹார்னாலும் அதை நன்றாக விரிக்க முடியாது. 1 அங்குலத்தில் இந்தச் சிக்கல் 13,000-க்கு மேல்தான் வரும்.

மாட்டும் முறையில் இரண்டு வகை: மரை போட்டுத் திருகுவது, போல்ட் போட்டு முடுக்குவது. 1 அங்குல போல்ட் வகையில் 76 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஓட்டை, அல்லது 57 மி.மீ. வட்டத்தில் மூன்று ஓட்டை என்பதே பரவலான அளவு. மாட்டுவதற்கு முன் டிரைவரையும் ஹார்னையும் கையால் சேர்த்துப் பிடித்து, ஹார்னின் வாய்வழியாக விரலை விட்டு இணைப்பை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தட்டினால் அங்கே ஒரு படி இருக்கிறது. ஒலியும் அதில் தட்டித் திரும்பும். டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி கேட்பதற்குப் பல நேரம் காரணம் இந்தப் படியும், வாயின் கூரான விளிம்புமே. வாய் ஓரம் மெல்ல வளைந்து பெட்டியின் முகப்போடு கலக்க வேண்டும். கத்தி வெட்டு மாதிரி முடிந்துவிடும் ஹார்னைத் தவிர்ப்பேன்.

மரமா, பிளாஸ்டிக்கா, உலோகமா என்பது அவ்வளவு முக்கியமில்லை. விரல் முட்டியால் தட்டும்போது மணி மாதிரி ஒலித்தால் பின்புறம் கார் கதவுக்கு ஒட்டும் பியூட்டைல் ஷீட்டை ஒட்டுங்கள். 3டி பிரிண்டில் செய்கிறவர்களுக்கு: பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும், மேற்கு ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள்.

## மாட்டிய பிறகு பயமுறுத்தும் இரண்டு விஷயங்கள்

முதல்முறை அளக்கும்போது, 3,500 ஹெர்ட்ஸ் வாக்கிலிருந்து கோடு கீழே சரியும். டிரைவர் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். பழுதில்லை. டிரைவரின் சக்தி அந்த உயரத்தில் இயல்பாகவே குறைகிறது. பழைய எக்ஸ்பொனென்ஷியல் ஹார்ன் கற்றையைச் சுருக்கி நடுவில் குவித்ததால் அது வெளியே தெரியாமல் இருந்தது. ஒரே கோணத்தில் பரப்பும் ஹார்ன் அதைக் குவிப்பதில்லை, அதனால் தெரிகிறது. கிராஸோவரிலோ டிஎஸ்பி-யிலோ (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) மேல்பகுதியைத் தூக்கிக்கொடுத்தால் தீர்ந்தது. இங்கே ஈக்வலைசர் சரியான மருந்து, ஏனென்றால் சரிவு எல்லாத் திசையிலும் ஒரே அளவு.

இரண்டாவது, ஹார்ன் வூஃபரைவிட மிகவும் சத்தமாக இருப்பது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 105 முதல் 110 டெசிபல் வரை ஹார்னில் வரும். மேடைக்கான 12 அங்குல வூஃபரில் 95 வாக்கில். வித்தியாசத்தை ரெசிஸ்டர் போட்டு இறக்க வேண்டும். தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து ஓட்டுகிறவர்கள் டிரைவருக்குத் தொடரில் ஒரு கெப்பாசிட்டர் போட்டே ஆக வேண்டும். ஆன் செய்யும்போது வரும் ‘டொப்’ ஒன்றே டயஃப்ரத்தைக் கிழித்துவிடும். 8 ஓம் டிரைவர், கிராஸோவர் 1,200 என்றால் 40 மைக்ரோஃபாரட் வாக்கில் ஒன்று போதும், அது 500-க்குக் கீழே உள்ளதை வடிகட்டும்.

## மொட்டை மாடியில் ஓர் அரை நாள்

அளக்காமல் இந்த வேலை முடியாது. யூஎஸ்பி மைக் ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் ஆர்ஈடபிள்யூ மென்பொருளும் போதும். காற்று அடங்கிய காலையில் பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்று, ஒரு ஸ்டூல்மேல் ஏற்றி, சுவரிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள். ஸ்டூலில் சாக்பீஸால் 10 டிகிரிக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஹார்ன் உயரத்தில் மைக்கை நிறுத்தி, நேராக ஒன்று, 10 டிகிரி திருப்பி ஒன்று என்று 90 வரை பத்து அளவு.

பத்துக் கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். முதல் கோடு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதைவிட, கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். படிக்கட்டு மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒன்றையொன்று வெட்டாமல் இறங்கினால் வூஃபரும் ஹார்னும் ஒத்துப்போயிருக்கின்றன. என் பழைய பெட்டியில் 40, 50 டிகிரிக் கோடுகள் 1,400 வாக்கில் தொப்பென்று விழுந்து, 1,800-இல் மறுபடி எழுந்து நின்றன. கிராஸோவரை 1,000-க்கு இறக்கி, 15 அங்குல வட்ட வாய் கொண்ட ஹார்னையும் அவ்வளவு கீழே தாங்கும் டிரைவரையும் மாட்டிய பிறகு, அந்தக் கோடுகள் மற்றவற்றோடு சேர்ந்தே இறங்கின. அன்று மாலை அதே கச்சேரியைப் போட்டுவிட்டு, சமையலறை வாசல் நாற்காலியில் நானே உட்கார்ந்துகொண்டேன்.